ஆடுகள் மூழ்கிய குடில்

இதை எழுதித்தான் தருகிறேன். பேசினால் நேரமாகும். ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்குத் திக்குவாய். இன்றும் இருக்கிறது. ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி என்றால் குணமான கதையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து யாரும் கடைசி வரை காத்திருக்க வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தா.பழூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா இல்லை. அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. பேச முடியாதவளுக்கு நோட்டுதான் துணை.

பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், ஆகஸ்டு மாதம் மூன்றாம் ஞாயிறு, கோவில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க என் முறை வந்தது. முதல் சொல்லே வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. பாடகர் வரிசையில் இருந்த அமலன், என் வகுப்புப் பையன், "வண்டி ஸ்டார்ட் ஆவல, எறங்கித் தள்ளுங்கடா" என்றான். சிரிப்பு பீடம் வரை கேட்டது. நான் வாசிக்காமலே இறங்கினேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கும் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை.

அம்மா விடவில்லை. மாதா திருத்தலத்துக்கு ஒன்பது சனிக்கிழமை வருவதாக நேர்ந்துகொண்டார். வேலை நாள் கூலியை விட்டுவிட்டு, ஒன்பது சனிக்கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பதாவது முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். சேற்றுப்புண் ஆறாத அவர் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று நான் பேச்சு வர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. "ஆண்டவரே, பேசாமல் இருக்க எனக்கு ஓர் இடம் கொடும்" என்று மட்டும் வேண்டினேன்.

நவம்பர் முழுவதும் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, அடுத்த தெரு ரீட்டா வந்தாள். எங்கள் அன்பியத்தில், அதாவது எங்கள் பகுதிக் குடும்பங்களின் ஜெபக் குழுவில், இயேசு பிறப்பைப் பொம்மைகளால் காட்டும் கிறிஸ்துமஸ் குடில் வேலையை அந்த வருடம் இளையவர்களிடம் விட்டிருந்தார்கள். "நாங்க ஸ்கூலுக்குப் போயிடுவோம். பகல்ல தட்டுக்குத் தண்ணி தெளிக்க ஆளில்ல. நீ வூட்லதானடி இருக்க, வா" என்றாள். அவள் வீட்டுப் பந்தலுக்குப் போனேன்.

குடிலில் புல்வெளி தெரிவதற்குத் தட்டுகளில் நெல்லை விதைத்து முளைக்க விடுவது எங்கள் வழக்கம். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு விதைத்தால் போதும். முந்தைய வருடம் விதைத்த தேதி என் நோட்டிலேயே இருந்தது. ரீட்டாவோ, திருவருகைக்காலம் தொடங்கும் நாளில் விதைத்தால் ஆசீர்வாதம் என்று அன்றைக்கே விதைத்தாள். தவறு என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. விட்டுவிட்டேன். தினமும் தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

டிசம்பர் 18 அன்று பயிர் ஒரு சாணுக்கு மேல் நின்றது. இரண்டு விரல் உயர ஆட்டுப் பொம்மைகளை உள்ளே வைத்தார்கள். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"தொண்ணூத்தொம்பதும் காணாமப் போச்சு. நல்ல மேய்ப்பன் எதைன்னு தேடுவாரு?" என்றான் எங்கள் அன்பியத்திலேயே இருந்த அமலன். பைபிள் கதையில் நூறு ஆட்டில் ஒன்றுதான் தொலையும். ரீட்டா அழுதுவிட்டாள். கோவிலின் பங்குக் குழு குடில்களைப் பார்த்துப் பரிசு சொல்ல வருவது 23ஆம் தேதி. மறுபடி விதைக்க நாளில்லை. தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் பச்சைத் தாள் வாங்கலாம் என்று கிளம்பிப் போனார்கள்.

எனக்குக் குற்றவுணர்ச்சி. தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அது புல்வெளி இல்லை, நாற்றங்கால் என்று பட்டது. வாய்க்கால் கரையிலிருந்து களிமண் எடுத்து வந்து, நாற்றுப் பறிக்கும் பெண்களைச் செய்ய ஆரம்பித்தேன். குனிந்த முதுகு, தூக்கிச் செருகிய சேலை, தலையில் துண்டு. குழந்தை இயேசுவை வைக்கும் மாட்டுத் தொழுவத்துக்குப் பதிலாக வரப்போரமாக ஒரு மோட்டார் கொட்டகை செய்தேன்.

தாளோடு வந்தவர்கள் தட்டுகளைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். ரீட்டாதான் முதலில், "ஏ, இது பக்கத்து வூட்டு அத்தடா!" என்றாள். அமலன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். "எங்கம்மாவையும் வையி, சகாயம். இடுப்புல வெத்தலப் பொட்டணம் இருக்கணும். அது இல்லாம அம்மா வயல்ல எறங்காது."

அதற்குப் பிறகு நான்கு நாளும் அவர்கள் பள்ளி விட்டு நேரே பந்தலுக்கு வந்தார்கள். அவரவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். நான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பொட்டணம் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்க எனக்கு எவ்வளவோ நேரம் ஆனது. களிமண்ணைப் பிசைந்தபடி காத்திருந்தார்கள்.

23ஆம் தேதி வந்தவர்களில் ஒரு பெரியவர், "ஆடு எங்கம்மா? இடையர் எங்க?" என்றார். ரீட்டா பதில் சொல்லப் போனாள். அமலன் அவள் கையைப் பிடித்து, "இரு, அவ சொல்லுவா" என்றான். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாரும் அசையவில்லை. "வய... வயல்ல... ராப்பகலா கெடந்தவங்களுக்குத்தான மொதல்ல இயேசு பொறந்த சேதி வந்துச்சு. எங்... எங்க ஊர்ல அது இவங்கதான்" என்று சொல்லி முடித்தேன். இடையில் யாரும் எனக்காக ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

பரிசு வரவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது என் ஜெபம் கேட்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தது. பேசாமல் ஓரமாய் உட்கார ஓர் இடம் கேட்டேன். ஆண்டவர் என்னை நடுவில் உட்காரவைத்து, பேசி முடிக்கும் வரை கூட இருக்க ஆட்களையும் கொடுத்தார். ஜனவரியில் பள்ளிக்குப் போனேன். இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லித் தருகிறேன். பஸ்ஸில் ஊர்ப்பெயர் வராமல் கண்டக்டரிடம் இன்னமும் திட்டு வாங்குகிறேன். சில நாள் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் ஒளியவில்லை.

நீங்களும் ஜெபத்தில் கேட்டுக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். களைப்போடேயே கேளுங்கள். கேட்ட வடிவத்தில் வராவிட்டாலும், வருவதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். அவருக்கு நன்றி.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் அம்மா பூசை முடிந்து குடிலைப் பார்க்க வந்தார். வெகுநேரம் தேடித் தன்னைக் கண்டுபிடித்தார். "எல்லாரும் குனிஞ்சு கெடக்காங்க, நான் மட்டும் ஏன்டி நிமிந்து நிக்கிறேன்?"

"கொ... கொஞ்ச நேரம் நில்லும்மா" என்றேன்.