வாசலைப் பார்த்த செருப்புகள்

சான் ரமோனில் எங்கள் வீட்டுக்கும் அந்த ஜப்பான்காரர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர்கள் குடிவந்த அன்று என் மனைவி ஜன்னல் வழியாக வேவு பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "நம்மள மாதிரியே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போறாங்க. நல்ல மனுஷங்களாத்தான் இருப்பாங்க." இந்த ஒரு தகுதி போதுமென்று மறுநாளே ஒரு டப்பா முறுக்கோடு போய்க் கதவைத் தட்டினாள்.

அந்தம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கணவரின் கம்பெனி மாற்றலில் வந்தவர். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். என் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், சும்மா இருக்கத்தான் வராது. அதனால் இருவருக்கும் ஒத்துப்போனது. சாயங்காலம் சேர்ந்து வாக்கிங் போக ஆரம்பித்தார்கள்.

அந்தம்மாவிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் முதலில் குனிந்து, அங்கே கிடக்கிற செருப்பு, ஷூ எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். என் வீட்டு வாசலில், என் செருப்பை, என்னைக் கேட்காமல். "நடையைக் கட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று நான் முணுமுணுத்தேன்.

"போறவங்க அப்படியே கால நுழைச்சிட்டுப் போகலாம்ல? அதுக்குத்தான். நீங்க ஒரு நாளாவது எனக்கு அப்படிச் செஞ்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி. செய்ததில்லை. அவளும் தன் நீல நிற வாக்கிங் ஷூவை உதறிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே ஓடி வருவாள். அந்தம்மா அதைத்தான் எப்போதும் முதலில் திருப்புவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில் மீட்டிங் நடுவே போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு டிரைவ் பண்ணிப் போய்ச் சேர்வதற்குள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலையிலேயே தனியாக வாக்கிங் போய்விட்டு வந்து தோசை வார்த்துக் கொடுத்தவள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கையெழுத்துப் போட்டேன். பெட்டி தேர்ந்தெடுத்தேன். கல்லறையில் மண் போட்டேன். மகள் என் தோளில் விழுந்து அழுதபோது அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, காரை எங்கே பார்க் பண்ணினோம் என்று யோசித்தேன். "அழுதுடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வைத்துக்கொள்ள மனசில் ஏதாவது இருந்தால்தானே? நான் அவளை நிஜமாகவே நேசித்தேனா என்று எனக்கே பயமாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் வீட்டில் செபமாலை. ஹால் நிறைய ஆட்கள். யாரோ டிரே டிரேயாக இட்லி கொண்டுவந்திருந்தார்கள். செபம் நடுவிலேயே நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

அந்தம்மா கறுப்பு உடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செருப்புகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஜனங்கள் விட்டுப்போன பெரிய குவியல். ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடி, வரிசையாகத் தெருவைப் பார்க்க வைத்திருந்தார். என்னுடையதையும்கூட.

நீல ஷூ மட்டும் அவள் உதறிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முனை வீட்டைப் பார்த்தபடி.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அந்தம்மா எழுந்து, தப்புச் செய்தவர் மாதிரி தலை குனிந்தார். "சாரி" என்றார். கையை லேசாக நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். "முடியவில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

டாக்டர் சொன்னார், ஃபாதர் சொன்னார், நானே ஊருக்குப் போன் போட்டு எத்தனையோ பேருக்குச் சொன்னேன். ஆனால் அவள் இனிமேல் எங்கேயும் கிளம்பப் போவதில்லை என்பது அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. உள்ளே செபம் நின்றுபோனது.

அந்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஷூ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மழை வந்தால் அந்தம்மாவோ நானோ அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போடுகிறோம். திருப்பி வைக்க எனக்கும் கை வரவில்லை.