மரத்தோடு பேசுகிறவள்

இன்று ஈப்போவில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. எடுத்துக்கொண்டது ஒரு சிறுகதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தனியாக வாழ்ந்து பால் வெட்டும் ஒரு பெண், தினமும் விடியலில் ஒரு ரப்பர் மரத்தோடு பேசுகிறாள். அவ்வளவுதான் கதை.

மரம் எதன் குறியீடு என்று முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. வட்டத்தை நடத்தும் டீச்சர், “அது வெள்ளக்காரன் ஆட்சி. அவ ரத்தந்தான் பாலா வடியுது,” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். “அவளுக்குப் பேச வேற ஆள் இல்ல டீச்சர். அதான் மரத்துகிட்ட பேசுறா.”

சிரித்துவிட்டார்கள். “அண்ணே, இது இலக்கியம்லா,” என்றார் ஒருவர்.

மனைவி இறந்த இந்த இரண்டு வருடமாக நான் வீட்டுக் கூரையில் சுழலும் காற்றாடியோடு பேசுவதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்க சொன்னதுதான் சரிண்ணே. ரேடியோவுல வணக்கம் சொன்னா நானும் திருப்பி வணக்கம் சொல்லுவேன். சில நாள் வாயத் தொறக்குறதே அதுக்கு மட்டுந்தான்.”

“அப்ப ஏன் உள்ள சொல்லல?”

“எல்லாரு முன்னாலயுமா?” என்று சிரித்தார்.

எதிர்த் தேநீர்க் கடை திறந்துதான் இருந்தது. “தே தண்ணி குடிச்சிட்டுப் போலாமா” என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார்.

கேட்க வாய் வராதது எதன் குறியீடு? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.