ஜன்னலடியில் ஒரு மரக்குளம்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் அலமாரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுச் சுவர் அலமாரிகள் அவர் கை பட்டவை. எங்கள் வீட்டு அலமாரிக்கு மட்டும் இன்னும் கதவு வரவில்லை. கேட்டால், நம்ம வீடுதானே என்பார். அந்த மனுஷன் சொந்த வீட்டில் ஒரு வேலையை முழுசாக முடித்தார் என்றால் அது மீன்களுக்காகத்தான்.

வீடு மாறிப்போன யாரோ இவர் தலையில் கட்டிவிட்ட மீன்கள் அவை. கண்ணாடித் தொட்டியில் விட்டார். தின்று தின்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒன்று திரும்ப வேண்டுமானால் மற்றதெல்லாம் ஒதுங்க வேண்டும். "திரும்பக்கூட இடமில்லாம தவிக்குதுங்க, பாவம்" என்று தினமும் புலம்பினார். ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை அளந்தார். பிளைவுட்டில், இடுப்புயரத்துக்கு ஒரு குளம் கட்டப் போகிறாராம். இடம், ஜன்னலடி.

ஜன்னலடியில் என் தையல் மிஷின் இருந்தது. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நான் தைக்கிறேன். வேறு சுவரைப் பாருங்கள் என்றேன். மற்ற பக்கமெல்லாம் கதவு இடிக்குமாம்.

"ரெண்டே வாரம். முடிச்சதும் மிஷினுக்கு நல்ல இடமா நானே பாத்துத் தர்றேன்" என்றார்.

மிஷின் படுக்கையறைக்குப் போனது. அங்கே ஜன்னலே கிடையாது. பல்பு வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாமல் ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். அதைப் பிரிப்பதற்குள் கண் பூத்துப்போனது. அளவு கொடுக்க வரும் பெண்கள் படுக்கையறை வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். அப்புறம் வருகிறேன் என்று போனவர்கள் அடுத்த தெரு டெய்லரிடம் போனார்கள். எத்தனை முறை சொன்னாலும் இவர் காதில் ஏறவில்லை. ரெண்டு வாரம் மூன்று மாதமானது.

குளம் அலமாரி மாதிரியே அழகாக வந்தது. கோளாறே அதுதான். யானையே ஏறி நிற்கலாம், அடியில் அவ்வளவு கட்டை கொடுத்திருந்தார். பக்கப் பலகைக்கு ஒன்றுமில்லை. அலமாரிச் சாமான் கீழேதான் அழுத்தும், பக்கவாட்டில் தள்ளாது. அந்தப் பழக்கம். தண்ணீர் முக்கால்வாசி ஏறியதும் நீளப் பலகை தொப்பை போட்டு மூலை பிரிந்தது. படுக்கையறை வரை வெள்ளம். தரையில் அடுக்கியிருந்த சீருடைத் துணியெல்லாம் நனைந்து சாயம் இறங்கியது. நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மேலே குறுக்குச் சட்டம் அடித்தால் நிற்குமே என்றேன். அழகு கெட்டுவிடுமாம், முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வீடு மிதந்தது. அதே யோசனையை மீன் தொட்டிக் கடைக்காரர் சொன்னதும் மறுநாளே சட்டம் ஏறியது. கடைக்காரர் மூளையே மூளை என்று இவர் என்னிடமே வந்து புகழ்ந்தார்.

குளம் நின்றது. சொட்டுக்கூட ஒழுகவில்லை. மீன்கள் வாலை வீசி தாராளமாகத் திரும்பின. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இனியாவது மிஷின் பேச்சை இவராக எடுப்பார் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்கக்கூடாது என்று வீம்பு.

அந்த வாரமே கடைக்காரர் பார்க்க வந்தார். குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார். நல்ல வெளிச்சமான இடமாச்சே என்றவர், "முன்னாடி இங்க என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் காபியோடு நின்றிருந்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நெற்றியைச் சொறிந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கெடந்த இடந்தான்."

பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.