எதிர்மாடி அண்ணனின் திட்டு

பிள்ளைகளே, போன வாரம் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்விசிறி மாட்டப் போனேன். அது விளையாட்டு அறை. ஏணியை நகர்த்தும்போது அங்கிருந்த கேரம் போர்டில் கை பட்டு, வழுவழுவென்று பவுடர் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீலசந்திராவில் நாம் இருந்த சந்து உங்களுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தார் டிரம்மின் மேல் போர்டு ஏறும். நான் ஆடுகிற லட்சணத்துக்கு யாரும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். எதிர்மாடியில் தனியாகக் குடியிருந்த ஆரோக்கியம் அண்ணன் மட்டும் சேர்த்துக்கொள்வார். தங்கவயலிலிருந்து வந்த பெயின்டர். சேர்த்துக்கொண்டு திட்டுவார்.

"இன்னாடா, காயைத் தடவிக் குடுக்கறே? அதுக்கு ஜுரமா? அடிடா!"

சந்தே சிரிக்கும். அந்தத் திட்டு காதில் விழாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு கொரோனா வந்தது. சந்தின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். போர்டு நம் கட்டிலுக்கு அடியில் போனது. முதல் வாரம் எனக்கு, சொன்னால் வெட்கம், கல்யாண வீடு மாதிரிதான். தூக்கம், டிவி, உங்களோடு தாயம். அண்ணன் ஜன்னலில் நின்று கூப்பிடுவார்.

"டேய், பேஜாரா கீதுடா. ஒரு வார்த்த பேசேன்."

பேசினாலே நோய் ஒட்டும் என்று யாரோ போனில் அனுப்பியதை நம்பியவன் நான். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அப்பாடா, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். உங்கள் அம்மா தினமும் சாப்பாட்டை அவர் வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். மறுநாள் பாத்திரம் கழுவி வெளியே இருக்கும். பாத்திரம் வருகிறதே, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று இருந்துவிட்டோம்.

தகரத்தைப் பிரித்த அன்று மாடி ஏறினேன். அண்ணன் தரையில் சாக்பீஸால் போர்டு வரைந்து, சோடா மூடிகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். தாடி கழுத்தை மறைத்திருந்தது. எதிரே உட்காரப் போனேன்.

"அங்க குந்தாத," என்றார். "அது எதிர்வூட்டுத் தம்பி எடம்."

முகக்கவசத்தைக் கழற்றினேன். "நான்தாண்ணா அது."

என்னைப் பார்த்தார். காலியான அந்த இடத்தைப் பார்த்தார்.

"அவன் தெனமும் வர்றான். பேசத்தான் மாட்டேங்கறான்."

அவர் ஜன்னலுக்கும் நம் ஜன்னலுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை, பிள்ளைகளே.

தங்கவயலிலிருந்து அவருடைய அக்கா வந்து அழைத்துப் போனார். வைத்தியம் பார்த்தார்கள், தேறிவிட்டார். வேலைக்கும் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போன் செய்கிறேன். இப்படித் தோற்றேன், அப்படிக் கோட்டைவிட்டேன் என்று நடந்ததும் நடக்காததுமாக அளந்துவிடுவேன், ஒரு திட்டாவது விழாதா என்று.

எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார்.

"சரிங்க தம்பி," என்கிறார்.