உப்புப் பார்க்க ஆளில்லாத இறைச்சி

எங்கள் வீட்டுப் பிரீசருக்குள் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். என் கணவர் றால் எடுத்து விற்ற காலத்தில் வாங்கியது. விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில், டீவி மேசையோடு ஒட்டிக் கிடக்கும். பகல் முழுக்க யாரோ பக்கத்து அறையில் இருந்து செபமாலை சொல்வதுபோல முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். போகும்போதும் வரும்போதும் மூடியில் ஒருதரம் கையை வைத்துப் பார்ப்பேன்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதா?” என்று அவர் கேட்பார்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கரண்ட் எப்படிச் சூட்டையும் தருகிறது, குளிரையும் தருகிறது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. விளங்காத பொருளை நம்பி எதை வைத்தாலும் மனம் அதற்குள்ளேயே கிடக்கும்.

அந்த வருடம் அக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தவக்காலத்தில் கலியாணம் செய்ய மாட்டோம். அதனால் நாற்பது நாளும் காத்திருந்த கலியாணங்கள் எல்லாம் பாஸ்குத் திருநாள் முடிந்த கிழமையில்தான் வந்து விழும். எங்கள் தீவு முழுக்கப் பந்தல். இறைச்சிக் கடைக்காரர் கேட்கிற எல்லோருக்கும் தலையை ஆட்டுவார். விடியப் போய் நின்றால் எலும்பும் கொழுப்பும்தான் மிஞ்சியிருக்கும்.

“உன்ர பிரீசர் சும்மாதானே கிடக்குது. முழு மாடாய் எடுத்து வைப்பம்” என்று அக்கா சொன்னாள்.

அவள் சொன்னது லேசாகத்தான். ஆனால் எனக்கு அது லேசாக இல்லை. அத்தான் கடலோடு போன பிறகு தோட்டவெளியில் தையல் மெஷினை மிதித்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள் அக்கா. தகப்பன் இல்லாத வீட்டுச் சாப்பாடு என்று மாப்பிள்ளை பகுதியில் ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே ஏக்கம். அந்த ஏக்கத்தைப் பொலித்தீன் பைகளில் கட்டி என் வீட்டில் வைக்கப் போகிறாள்.

மாடு கிடைத்தது வேலிக்கு அந்தப் பக்கத்தால். அடுத்த வீட்டு ராத்தாவின் தமையன் பெரியமடுவில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிறார். “எங்கட நானாட்ட நேரா போய் எடுங்க. அவருக்குப் பொய் சொல்லி விக்கத் தெரியாது” என்றா ராத்தா.

பாஸ்குவுக்கு முந்திய பெரிய கிழமையின் புதன், வெளிச்சம் வருகிற நேரத்தில், நானும் அவரும் ஒரு பட்டா வாகனத்தில் வெளிக்கிட்டோம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் கடல் அசையாமல், தண்ணீர் கலந்த பாலைப்போல வெளிறிக் கிடந்தது. எது வானம், எது தண்ணீர் என்று தெரியவில்லை; வாகனம் ஒன்றிலும் முட்டாமல் நடுவில் மிதந்து போனது. பெரியமடுப் பக்கம் திரும்பியதும் அரிவு வெட்டிய வயல்களின் மேல் பனிப் புகார் தங்கியிருந்தது. அதற்குள் மாடுகளின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. கால்கள் இல்லை. முதுகுகள் மெல்ல நகர்ந்து, நின்று, பிறகு இல்லாமல் போயின. நான் பயப்படுகிற எதுவும் அங்கே இருக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை இப்போதும் நினைத்து எடுத்துப் பார்ப்பேன்.

நானா நாங்கள் வருமுன்பே அறுத்து, கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். அவருக்கு நோன்பு. நோன்பும் தவக்காலமும் அந்த வருடம் ஒன்றாகத்தான் வந்திருந்தன. தான் குடிக்காத தேத்தண்ணியை எங்களுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, என் கணவர் இறக்கிய, மீன் கொண்டுபோகிற றெஜிபோம் பெட்டிகளையும் ஐசையும் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மச்சான், மாட்டைப் பிடிச்சு மீனாக்கப் போறீங்களா?”

“எங்களுக்குத் தெரிஞ்ச வேலை இதுதான் நானா.”

“உசிரோட ஓடினது. உள்ளுக்குள்ள சூடு கிடக்கு. ஆறட்டும். சூட்டோட கட்டினா நடுவுக்குள்ள அவிஞ்சு போகும்.” பிறகு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, வீட்டில வச்சுச் சின்னச் சின்னப் பையாக் கட்டுங்க. தட்டையா. உருண்டையாக் கட்டாதீங்க.”

நான் அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டேன். பின்னேரம் அக்காவும் நானும் குசினியில் இருந்து தட்டைத் தட்டையாகக் கட்டினோம். பிரீசர் மூடி முட்ட நிறைந்தது. ஒவ்வொரு தரமும் மூடியைத் திறக்க வெள்ளைக் குளிர் எழும்பி அக்காவின் முகத்தில் பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, “கலியாணம் முடிஞ்சமாதிரி இருக்கடி” என்றாள்.

வியாழன் பின்னேரம் பூசைக்குப் போய் வந்தோம். பெரிய வெள்ளியில் எங்கள் வீட்டில் சத்தம் வைப்பதில்லை. டீவி இல்லை, பாட்டு இல்லை, சுத்தியல் எடுத்து ஆணி அடிப்பதில்லை, கத்தி பிடிப்பதுகூடக் குறைவு, இறைச்சி வாயில் படாது. மாமி உயிரோடு இருந்தபோது வியாழன் பூசையால் வந்ததும் ரேடியோவின் வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவா. தாயின் அந்தப் பழக்கத்தை என் கணவர் டீவிக்குச் செய்கிறவர். அன்றைக்கும் செய்தார்.

பெரிய வெள்ளி காலையில் வீடு அப்படி அமைதியாக இருந்தது. வெளியில் காற்றும் இல்லை. முற்றத்தில் படுத்திருந்த தெருக் கழுதைகூடக் காதை ஆட்டவில்லை. ஆண்டவருக்காக உலகமே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பிரீசர் மூடியில் கையை வைத்தேன். குளிர்ந்துதான் கிடந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு கோயிலில் சிலுவையில் உதடு வைத்து முத்திசெய்ய வரிசை நின்றது. அன்றைக்கு மணி அடிப்பதில்லை; மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். அதுவும் நின்றபிறகு ஒரே நிசப்தம். வெறுங்காலோடு, ஒரு கனவுக்குள் நகர்வதுபோல அடி அடியாகப் போய்க்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு காற்றாடி முனகிக்கொண்டு சுற்றியது. நல்ல சத்தம், பழகிய சத்தம் என்று கேட்டுக்கொண்டே போனேன். பிறகுதான் உறைத்தது. இந்தச் சத்தத்தை விடிந்ததிலிருந்து வீட்டில் நான் கேட்கவே இல்லை.

சிலுவையை முத்திசெய்தபோது என் பாவம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “ஆண்டவரே, இறைச்சி” என்றுதான் சொன்னேன்.

என் முகத்தைக் கண்ட அக்கா ஸ்கூட்டரில் எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள். அவர் டீவி மேசைக்குப் பின்னால் குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டு போனார். நிமிரும்போது கையில் இரண்டு பிளக் இருந்தன.

“நான் டீவியத்தான் கழட்டினனான்” என்றார். “ரெண்டும் கறுப்பு வயர்.”

அக்கா அவரை ஏசவில்லை. கதிரையில் இருந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “திற, பாப்பம்.”

வெள்ளைக் குளிர் எழும்பவில்லை. மேல் அடுக்குப் பைகள் குளிர்ந்திருந்தாலும் விரலுக்கு நெகிழ்ந்தன. நடுவில் மட்டும் கொஞ்சம் ஐஸ் கடிபட்டது. கீழே இருந்தவை ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கல்லாகக் கிடந்தன. அவர் பிளக்கைக் குத்தினார். முனகல் வந்தது. எனக்கு அழுகையும் வந்தது.

“கீழ உள்ளது தப்பிட்டுது” என்றாள் அக்கா. “மேல உள்ளதை இப்பவே அடுப்பில ஏத்தினால் பழுதாகாது. ஆனால் பெரிய வெள்ளியில மாடு சமைச்சவள் எண்டு எனக்குப் பேர் வருமே.”

வேலிக்கு மேலால் ராத்தாவின் முக்காட்டுத் தலை தெரிந்தது. “பேரு வாறது தின்னவங்களுக்குத்தானே. நீங்க தின்னவா போறீங்க?”

அவ தன்னுடைய பெரிய சட்டியோடு வந்தா. நான் காஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். வெங்காயமும் ரம்பை இலையும் வதங்க, இறைச்சி தண்ணி விட்டு, தண்ணி வற்றி, தூளும் தேங்காய்ப் பூவும் பிடித்துக் கறுக்கத் தொடங்கியது. பிரட்டலாக இறக்கினால் ஆறவைத்து மறுபடியும் பிரீசரில் வைக்கலாம். மணம் குசினியை நிறைத்து, விறாந்தையால் இறங்கி ஒழுங்கைக்குப் போனது. அவர் யன்னல் யன்னலாகச் சாத்திக்கொண்டு திரிந்தார்.

“சாத்தி என்ன? சந்தியில நிக்கிறவனுக்கும் மணக்கும்” என்றாள் அக்கா.

“கேட்டால் ராத்தாட வீடு எண்டு சொல்லுறன்.”

“சொல்லுங்க, சொல்லுங்க. நோன்போட என்னையும் பொய்யில சேருங்க” என்றா ராத்தா.

பழக்கத்தில் அகப்பையைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே கையைக் கழுவினேன்.

“ராத்தா, உப்பு?”

“நுனி நாக்கில வச்சுத் துப்பலாம் எண்டு சொல்லுவாங்க. எனக்கு மனசு வராது.”

என் கணவருக்கும் எங்களைப்போல இறைச்சி விலக்குத்தான், கேட்டுப் பயனில்லை. மூன்று பெண்கள் ஒரு சட்டியைச் சுற்றி நின்றோம். உப்புக் கூடினால் கலியாணச் சாப்பாடு போச்சு. குறைந்தால் போடலாம். அதனால் குறைத்துத்தான் போட்டிருந்தேன். ஆனால் என் குறைவு எவ்வளவு குறைவு என்று எனக்கே நிச்சயமில்லை. அடுப்பை மெல்லிசாக வைத்துவிட்டுக் குசினி வாசலில் வந்து இருந்தோம். சூரியன் கடலுக்கு மேலே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றது. தென்னோலைகளில் மஞ்சள். பசியும் மணமும் சேர்ந்து தலைக்குள் ஒரு மயக்கம். பெரியமடுவில் புகாருக்குள் போன முதுகுகளை நினைத்தேன். அந்த மாடு வயல்வெளியெல்லாம் நடந்து, கடல் தாண்டி, எங்கள் மூன்று பேரையும் ஒரு வாசற்படியில் இருத்திவிட்டுச் சும்மா நிற்பதுபோல இருந்தது. வீட்டுக்குள் பிரீசர் மட்டும் செபம் சொல்லிக்கொண்டிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ராத்தா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, தண்ணீர் குடித்து, வாய்க்குள் ஏதோ ஓதினா. நான் ஒரு துண்டைக் கிண்ணத்தில் கொடுத்தேன். அவ மென்றுகொண்டே இருந்தா. அக்கா அவவின் தாடையையே பார்த்தாள்.

“குறைவு.”

அக்கா கொஞ்ச உப்புப் போட்டுக் கிளறினாள். இன்னொரு துண்டு.

“இன்னும் ஒருக்கா.”

மறுபடியும் போட்டாள். ராத்தா இந்தத் தரம் மெல்லும்போதே தலையை ஆட்டினா. “இனி மாப்பிள்ளை வீட்டாக்கள் ஒண்டும் சொல்ல ஏலாது.”

அக்கா அப்போதுதான் அழுதாள். ராத்தாவுக்கு ஒரு பங்கை அவவின் சட்டியிலேயே விட்டு அனுப்பிவிட்டு, நாங்கள் கஞ்சி குடித்தோம்.

கலியாணத்தன்று பந்தலில் அக்கா ஒருவரையும் விடாமல் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பரிமாறினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாம் தரம் கேட்டு, சோற்றுக் கோப்பையை நீட்டினார். அக்கா நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, பந்தலுக்கு மறுபக்கம் இருந்த ராத்தாவைத் தேடிப் பார்த்தாள்.

அதன்பிறகுதான் நான் என் கோப்பையில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது.