நான் எழுதாத ஒரு வார்த்தை

இன்று வேலை முடிந்து ஆமத்தூர் பஸ்ஸில் வரும்போது, யாரும் பார்க்காதபடி போனைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு "பத்தாவது ஸ்கூல்" என்று தேடினேன்.

வந்ததெல்லாம் பள்ளிக்கூட விளம்பரங்கள். இஸ்திரி போட்ட சீருடையில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஸ்டாப் தாண்டும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். இப்போது காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் மாரியக்கா பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, ஸ்கூல்னு போட்டா அது ஸ்கூலைத்தான காட்டும்? ஒனக்கு என்ன வேணும்னு எங்கிட்ட சொல்ற மாதிரி போடு."

கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்: "ஒன்பதாவதோட நின்னுட்டேன். வேலைக்குப் போறேன். பத்தாவது பரீட்சை எழுத முடியுமா?"

முதல் வரியிலேயே "தனித்தேர்வர்" என்று வந்தது. பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அதுதான் பெயராம். அந்த வார்த்தையை நான் எழுதவே இல்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது.

"பாத்தியா, போனுக்கே வெளங்கிருச்சு" என்றார் அக்கா. "ஒங்கம்மாகிட்ட கேட்டியா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"ஒன்னுமில்லம்மா" என்றேன்.

அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்.

பரீட்சை எழுதட்டுமா என்று வீட்டில் கேட்டு ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். நான் அதை அப்படியே பார்த்து அம்மாவிடம் வாசித்துவிடுகிறேன்.