மணி அடித்தால் டீ

"இன்னிக்கு எதைப் பத்திப் பேசாம வந்தீங்க?"

நகரசபைக் கூட்டம் முடிந்து படியிறங்கும் உறுப்பினர்களை வழிமறித்து அண்ணி கேட்கும் கேள்வி இது. என்ன பேசினீர்கள் என்று கேட்கும் என்போன்ற நிருபர்களுக்கு அவர்கள் வாய் ஓயாமல் பதில் சொல்வார்கள். அண்ணியைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் எங்கோ அவசர வேலை வந்துவிடும்.

அண்ணி கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் சில விஷயங்களைப் பேச்சுக்கே வரவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "நடக்காததைப் போய் ஆராய்ச்சி பண்றா, இதுக்குச் சம்பளம் வேற" என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவன் பல் டாக்டர். அடுத்தவன் வாயைத் திறந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு.

கூட்ட நாளில், பார்வையாளர் வரிசையில் கதவை ஒட்டிய நாற்காலி அண்ணியுடையது. மடியில் ஒரு பை வேர்க்கடலை. கொறிப்பார், உற்றுப் பார்ப்பார், மூச்சுவிட மாட்டார். "நான் பார்க்க வந்தவ. பார்க்க வந்தவ வாயைத் திறந்தா ஆராய்ச்சி கெட்டுடும்." பக்கத்து வரிசையில் இருக்கும் எனக்குக்கூட ஒரு கடலை தரமாட்டார். நான் பத்திரிகைக்காரன், கொடுத்தால் கூட்டு சேர்ந்ததாக ஆகிவிடுமாம். நல்ல நியாயம்!

அங்கே அவர் கண்டுபிடித்ததுதான் டீ. தலைவரின் மேஜைக்கடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. மார்க்கெட் பகுதியின் உறுப்பினர் ஓர் இளம்பெண். அவர் எழுந்து, "மார்க்கெட்ல பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை..." என்று ஆரம்பித்ததும் வெளியே மணி அடிக்கும். தட்டில் டீயும் பிஸ்கட்டும் வரும். சபை முழுக்க வாயில் பிஸ்கட். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், "நேரமாயிடுச்சு, மத்ததை அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்பார் தலைவர், தேன் ஒழுக. ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கதை. நானும் வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து அந்த டீயைக் குடிக்கிறேன். நல்ல டீ என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

"வேண்டாம்னு சொன்னா சண்டை போடலாம், நீயும் பேப்பர்ல போடுவ. டீ குடிச்சாங்கன்னு போடுவியா?" என்று கேட்டார் அண்ணி. எங்கே போடுவது?

வீட்டில் அண்ணி வேறு ஆள். காரைச் சுவரில் இடிக்காமல் நிறுத்த அவருக்கு வராது. "காரைப் பத்தி ஒண்ணு பேசணும்" என்று அண்ணன் தொண்டையைச் செருமினால் போதும், "காபி போடட்டுமாங்க?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குழைவான குரல் வரும். "பார்த்தியாடா, இங்கயும் மணி அடிச்சாச்சு!" என்பான் அண்ணன். அண்ணிதான் முதலில் சிரிப்பார். கார் விஷயம் இன்றுவரை பேச்சுக்கு வரவில்லை.

போன கூட்டத்துக்கு, மார்க்கெட்டில் அண்ணி வழக்கமாகப் பழம் வாங்கும் பழக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். காலையில் கடை திறந்தால் வீடு திரும்பும்வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. "குடிச்சா எங்க போறதும்மா?" என்பார். குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பு, அப்புறம் ஆஸ்பத்திரி. இனியும் இப்படி இருந்தால் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அன்று அவர் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம விஷயம் எப்பம்மா வரும்?" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். அண்ணி கடலையைத் தொடவே இல்லை.

இளம்பெண் எழுந்தார். "மார்க்கெட்ல..."

மணி அடித்தது. டம்ளர்கள் உரசும் சத்தம் கதவை நெருங்கியது.

"டீ வேற குடுக்குறாங்களா?" என்று பழக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே தலையை ஆட்டினார். "எனக்கு வேணாம்மா. திரும்பக் கடைக்குப் போகணும்."

அண்ணி எழுந்தார். கடலைப் பையை அப்படியே என் மடியில் போட்டார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். வெளியே தட்டு முட்டியது. "டீ ஆறுதுங்க!" என்று ஒரு குரல். சபையே திரும்பிப் பார்த்தது. தலைவர் பொத்தானை மறுபடி அழுத்த, மணி பாவம் வெளியே அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி கதவில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, பேச்சைப் பாதியில் விட்டு நின்ற அந்த இளம்பெண்ணைப் பார்த்து, 'ம், பேசு' என்பதுபோல் முகவாயை அசைத்தார்.